கேரேஜில் கட்டிய விமானத்தில் எஞ்சின் நின்றுவிட்டால்?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். டெக்சஸில் உங்கள் வீட்டு கேரேஜில் கணவர் நான்கு ஆண்டுகளாக ஒரு விமானம் கட்டி வருகிறார். இருவர் அமரக்கூடிய, இறக்கை தாழ்வாக அமைந்த அலுமினிய விமானம். எங்கோ வாங்கிய பழைய 180 குதிரைத்திறன் லைகமிங் விமான எஞ்சின். இன்னும் சில மாதங்களில் பறக்கத் தயாராகிவிடும். "பறக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் அவ்வளவுதானா? கார் எஞ்சின் நிற்பதே இல்லை, அதையே பொருத்தியிருக்கலாம் என்று அவருடைய நண்பர் சொல்கிறாரே, அது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், ஒன்பது வயது மகள் அப்பாவோடு முதல் ஆளாக ஏறுவேன் என்று அடம்பிடிக்கிறாள் என்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது: பிள்ளையை இதில் ஏற்றலாமா, ஏற்றலாம் என்றால் எப்போது? மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிக்கொண்டே அதற்கு வருகிறேன்.

நான் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிறிய விமான நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக விமான மெக்கானிக்காக வேலை செய்கிறேன். வீட்டில் கட்டப்பட்ட விமானங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய பரிசோதனையைச் செய்து கையெழுத்திடுவது என் வேலையில் ஒரு பங்கு. சிறிய விமானம் ஓட்டும் உரிமம் எனக்கு உண்டு. ஆனால் நான் சோதனை விமானி அல்லன். உங்கள் கணவரின் விமானத்தை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே அது நல்ல விமானமா, ஆபத்தானதா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. எங்கே பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

நிச்சயமாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். எஞ்சின் நின்ற விமானம் கல்லைப் போல விழாது. விமானத்தைத் தாங்குவது இறக்கையின் மேல் ஓடும் காற்று. எஞ்சின் நின்றதும் விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால், உயரத்தைச் செலவு செய்து வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம். மேட்டிலிருந்து சைக்கிளில் மிதிக்காமல் இறங்குவது போல. இந்த வகைச் சிறு விமானங்கள் பலவும் தாம் இருக்கும் உயரத்தைப் போல எட்டு ஒன்பது மடங்கு தூரம் சறுக்கிச் செல்லும். 1,000 அடியில் எஞ்சின் நின்றால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கையில் இருக்கும். 5,000 அடி என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல். உயரம்தான் நேரம். அந்த நேரத்துக்குள் ஒரு வயலோ, காலியான சாலையோ, ஓடுபாதையோ கண்ணில் பட்டு, விமானம் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே சக்கரம் தரையைத் தொட்டுவிட்டால், பெரும்பாலும் உள்ளே இருப்பவர்கள் நடந்து வெளியே வருவார்கள். விமானம் நொறுங்கலாம். அது வேறு கணக்கு.

அதற்காக ஆபத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012ஆம் ஆண்டு வீட்டு விமானங்களைப் பற்றி ஒரு முழு ஆய்வை வெளியிட்டது. தனியார் சிறு விமானங்களில் ஏறத்தாழ 10 சதவீதம் இவ்வகை விமானங்கள். ஆனால் 2011ஆம் ஆண்டு நடந்த விபத்துகளில் ஏறத்தாழ 15 சதவீதமும், உயிர்ப்பலி கொண்ட விபத்துகளில் 21 சதவீதமும் இவற்றுடையவை. காரணங்களில் மற்ற எல்லாவற்றையும் விட மிக முன்னே நின்றவை இரண்டு: எஞ்சினும் அதைச் சார்ந்த அமைப்புகளும் செயலிழப்பது, பறக்கும்போது விமானி கட்டுப்பாட்டை இழப்பது. விபத்துகள் விமானத்தின் ஆரம்பப் பறப்புகளில் குவிந்திருந்தன. இன்னொன்றும் தெரிந்தது. வேறொருவர் கட்டிய விமானத்தைப் பழையதாக வாங்கியவர்களும் தங்கள் ஆரம்பப் பறப்புகளில் அதே போல விழுந்திருக்கிறார்கள். இரண்டாவது கூட்டத்தின் விமானங்கள் ஏற்கெனவே பறந்து பழகியவை. விமானிக்குத்தான் அவை புதியவை. ஆகவே பழுதை இரும்பில் மட்டும் தேடினால் போதாது.

இந்தக் கணக்கில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விபத்துகளின் எண்ணிக்கை உறுதியானது, ஒவ்வொன்றும் பதிவாகிறது. ஆனால் இந்த விமானங்கள் ஆண்டுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் பறக்கின்றன என்பது உரிமையாளர்களிடம் கேட்டுப் போடும் மதிப்பீடு. எனவே "ஒரு லட்சம் மணிக்கு இத்தனை விபத்து" என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் அதைக் கொஞ்சம் தளர்த்தியே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் செய்த சிறு விமானத்தை விட ஆபத்து அதிகம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி எஞ்சின் ஏன் நிற்கிறது என்பதற்கு வருவோம். மக்கள் மனத்தில் இருக்கும் படம் பிஸ்டன் உடைவது, கிராங்க் முறிவது. அவையும் நடப்பதுண்டு. ஆனால் என் பட்டறைக்கு வந்த வீட்டு விமானங்களில் எஞ்சின் நின்ற கதைகளை எண்ணிப் பார்த்தால், எஞ்சினுக்குள் பழுது ஒன்றும் இல்லாமல், எஞ்சினுக்கு வெளியே கட்டியவர் தம் கையால் போட்ட குழாய், வால்வு, வடிகட்டி, கம்பி ஆகியவற்றில் தவறு இருந்ததுதான் அதிகம். லைகமிங் நிறுவனம் ஒரே எஞ்சினை ஆயிரக்கணக்கில் செய்திருக்கிறது. உங்கள் கணவரின் பெட்ரோல் குழாய் அமைப்போ உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு, அதுவும் இன்னும் ஒரு மணி நேரம்கூட ஓடவில்லை.

ஓர் உதாரணம். பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் விமானத்தை என்னிடம் கொண்டுவந்தார். தரையில் எஞ்சின் நன்றாக ஓடும். முழு விசை கொடுத்து ஒரு நிமிடம் வைத்தால் திக்கித் திக்கி அடங்கும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை மாற்றிப் பார்த்திருக்கிறார், ஸ்பார்க் பிளக்குகளை மாற்றிப் பார்த்திருக்கிறார். நான் கார்புரேட்டரின் நுழைவாயில் இருக்கும் சிறிய கம்பி வலையைக் கழற்றி வெள்ளைத் துணியின் மேல் தட்டினேன். நூல் நூலாக வெள்ளைச் சுருள்கள் விழுந்தன. டெஃப்லான் டேப். வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒழுகாமல் இருக்கச் சுற்றுவோமே, அதேதான். பெட்ரோல் குழாயின் ஒவ்வோர் இணைப்பிலும் நல்ல எண்ணத்தோடு அதைச் சுற்றியிருந்தார். இறுக்கும்போது திருகின் பற்கள் அதைக் கத்தரித்து உள்ளே தள்ளிவிட்டன. நகக்கண் அளவுதான் இருந்தது அந்தக் குவியல். மெதுவாக ஓடும்போது அந்த இடுக்கில் போதிய பெட்ரோல் கசிந்து வந்துவிடும், முழு விசைக்குப் போதாது. அவர் ஓடுபாதையிலிருந்து கிளம்பியிருந்தால் மரங்களுக்கு மேலே 300 அடியில் அது நடந்திருக்கும். சிலிக்கான் பசையும் இதே போலத்தான். பெட்ரோல் பட்டால் ஊறி, உப்பி, துண்டாகக் கழன்று போய் எங்காவது அடைத்துக்கொள்ளும்.

கையால் மட்டும் திருகி, ஸ்பேனர் போட மறந்த நட்டு இன்னொரு பெரிய குற்றவாளி. சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள், எழுந்து போயிருப்பார், திரும்பி வந்து அடுத்த வேலையைத் தொட்டிருப்பார். அதனால்தான் முறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் நட்டிலிருந்து அடிப்பகுதிவரை ஒரு சிவப்புக் கோடு போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். கோடு இருந்தால் முறுக்கியாகிவிட்டது. கோடு பிளந்து விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. உங்கள் கணவரின் எஞ்சின் அறையைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், குங்குமம் கீறியது போல எங்கும் அந்தக் கோடுகள் தெரிய வேண்டும். விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கிறது. அது கசிந்து காய்ந்தால் இணைப்பைச் சுற்றி நீலக் கறை படியும். அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

டேங்குக்குள் காற்றுப் போக ஒரு சிறு குழாய் இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் எஞ்சினுக்கு வராது. ஒரு கோடை முழுவதும் விமானக் கொட்டகையில் நின்ற விமானத்தில் அந்தக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நோண்டி எடுத்திருக்கிறேன். நுனியில் மெல்லிய கம்பிவலை வைத்தால் தீர்ந்தது. உங்கள் பக்கத்து ஈரக்காற்றுக்கு இன்னொன்றும் உண்டு. கார்புரேட்டரின் குறுகலில் பெட்ரோல் ஆவியாகும்போது குளிர் சட்டென்று இறங்கும். வெளியே 20 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும் இதமான நாளிலும் அங்கே பனி பிடித்து மூச்சை அடைக்கலாம். அதை உருக்க வெப்பக்காற்றுக் கதவு ஒன்று வேண்டும். எடை மிச்சம், வேலை மிச்சம் என்று சிலர் அதை வைக்காமலே விட்டுவிடுகிறார்கள். அது எனக்குக் கோபம் வரும் இடம்.

பழைய எஞ்சின் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சேர்க்கிறேன். லைகமிங்கில் கேம் ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு, எஞ்சினின் மேல்பகுதியில் இருக்கிறது. ஓடாமல் கிடந்தால் அதன் மேலிருக்கும் எண்ணெய் வழிந்து இறங்கிவிடும், ஈரம் பட்டுத் துரு பிடிக்கும். நான்கு ஆண்டுகள் கேரேஜில் கிடந்த எஞ்சின் என்றால், கடைசியாக எப்போது ஓடியது, எப்படிப் பாதுகாத்து வைத்தார், முன்பு அதன் புரொப்பெல்லர் எதிலாவது இடித்திருக்கிறதா என்று மூன்று கேள்விகள் உண்டு. இந்தத் துருவால் எஞ்சின் திடீரென்று நிற்பது அரிது. விசை மெதுவாகக் குறையும், எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பிரித்தால் உலோகப் பொடி மினுங்கும். ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றும்போதும் வடிகட்டியை அறுத்துப் பார்ப்பவரா உங்கள் கணவர் என்று கேளுங்கள்.

பாடகர் ஜான் டென்வரின் மரணத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதை நான் வீட்டு விமானம் கட்டுகிற எல்லோரிடமும் சொல்வேன், ஏனென்றால் அதில் எல்லாம் இருக்கிறது. 1997 அக்டோபர் 12 அன்று, கலிஃபோர்னியாவின் மாண்டரே அருகே, முந்தைய நாள்தான் கைக்கு வந்த லாங்-ஈஸி விமானத்தில் அவர் தனியாகப் பறந்தார். பர்ட் ரூட்டன் வடிவமைத்த விமானம் அது. வேறொருவர் கட்டியது, டென்வர் பழையதாக வாங்கியது. அவர் கற்றுக்குட்டி அல்லர்; 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். இடது டேங்கா வலது டேங்கா என்று மாற்றும் வால்வின் கைப்பிடி, வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு இடையே இருக்க வேண்டும். கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று அதில் எழுதியிருக்கவில்லை. கைப்பிடியும் இறுக்கமாக இருந்தது. பெட்ரோல் அளவுகாட்டியும் பின்னால் இருந்ததால், அதைத் திரும்பாமல் பார்க்க ஒரு மெக்கானிக் அவருக்கு முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். பெட்ரோல் போடட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார்.

கடலோரத்தில் தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தபோது விமானம் திடீரெனச் சரிந்து கடலில் விழுந்தது. புலனாய்வாளர்கள் அதே போன்ற இருக்கையில் அமர்ந்து பார்த்தார்கள். அந்தக் கைப்பிடியைத் திருப்ப வேண்டுமானால் தோள்பட்டியைத் தளர்த்தி, கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து கையை எடுத்து, உடம்பையே திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது முட்டுக்கொடுக்க வலது கால் தானாக ரடர் மிதியை, அதாவது விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் மிதியை, அழுத்திவிடுகிறது. விமானத்தின் கட்டுப்பாடு போனதற்கு அதையே முதன்மைக் காரணமாக எழுதினார்கள்; வால்வை வைத்த இடம், எழுத்தில்லாத அளவுகாட்டி, பெட்ரோல் போடாதது, புதிய விமானத்துக்குப் போதிய பழக்கம் பெறாதது எல்லாவற்றையும் உடன் சேர்த்தார்கள். அந்த வால்வை இடம் மாற்றியவரும் நல்லெண்ணத்தோடுதான் மாற்றியிருப்பார், பெட்ரோல் குழாய் இருக்கைப் பகுதிக்குள் வர வேண்டாமே என்று. வரைபடத்திலிருந்து விலகும் ஒவ்வொரு "மேம்பாட்டையும்" நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். உங்கள் கணவருடையது தாழ்ந்த இறக்கை என்பதால் அவருக்கும் இடது, வலது என்று டேங்க் மாற்றும் வால்வு இருக்கும். இரண்டையும் ஒன்றாகத் திறக்கும் நிலை அதில் இருக்கக் கூடாது. ஒன்று காலியானால் பம்ப் அதிலிருந்து காற்றை உறிஞ்சிவிடும். இருக்கையில் பட்டி போட்டு அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்த வால்வை ஒரே கையால் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அவருடைய நண்பரின் யோசனைக்கு வருகிறேன். கார் எஞ்சின் மோசமானது என்று நான் சொல்ல மாட்டேன். 1929இல் மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினை வைத்தே விமானம் கட்டிப் பறந்தார். அந்த வடிவமைப்பை இன்றும் கட்டுகிறார்கள். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் கார் தன் எஞ்சினின் முழு விசையில் சிறு பங்கையே கேட்கிறது. விமானம் ஏறும்போது முழு விசை, பிறகு மணிக்கணக்கில் முக்கால் விசை. கார் எஞ்சின் அந்த விசையைத் தர நிமிடத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் சுற்று சுற்ற வேண்டும். புரொப்பெல்லர் 2,700 சுற்றைத் தாண்டினால் நுனியின் வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கிப் பயனற்றுப் போகும். ஆகவே நடுவில் ஒரு கியர்ப் பெட்டி தேவை, அதில் தண்டு முறுக்கிக்கொண்டு அதிரும் முறுக்கு அதிர்வு என்ற சிக்கல் வரும். ரேடியேட்டருக்குக் காற்று வரும் வழியைப் புதிதாக யோசிக்க வேண்டும். மேக்னெட்டோ இருந்தால் பேட்டரி செத்தாலும் தீப்பொறி வரும். கார் எஞ்சின் கணினியை நம்பியது, மின்சாரம் போனால் எஞ்சினும் போகும். மொத்தத்தில், எஞ்சினின் உடல் திடமானது, அதைச் சுற்றி ஒருவர் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியவை ஏராளம். சிறு விமானங்களுக்கென்றே செய்யப்படும் ரோடாக்ஸ் 912 எஞ்சினிலும் கியர்ப் பெட்டி உண்டு, அது நன்றாக ஓடுகிறது, ஏனென்றால் அந்தச் சிக்கலை ஒரு நிறுவனம் பல்லாண்டுகள் உழைத்துத் தீர்த்தது. உங்கள் கணவர் லைகமிங் பக்கம் நின்றது சரி என்பது என் முடிவு. ஆனால் கார் எஞ்சினை வைத்துப் பல நூறு மணி நேரம் நிம்மதியாகப் பறந்தவர்களும் எனக்குத் தெரிந்தவர்களில் உண்டு. இதில் நான் சொல்வதை அனுபவத்தால் வந்த சாய்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள், நிரூபணம் என்று அல்ல.

இப்போது, எஞ்சின் நின்ற பிறகு உயிரை எடுப்பது எது என்பதைச் சொல்ல வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தப் பதிலில் முக்கியமான பகுதி இதுதான். கிளம்பி 400, 500 அடி ஏறியதும் எஞ்சின் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நல்ல ஓடுபாதை இருக்கிறது. முன்னால் வேலியும் வயலும். மனம் "திரும்பு" என்று கத்தும். நான்கு ஆண்டு உழைப்பு கைக்கு அடியில் இருக்கும்போது இன்னும் உரக்கக் கத்தும். திரும்புவது 180 பாகை என்று தோன்றும். உண்மையில் அப்படித் திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கத்தில் இணையாகத்தான் இருப்பீர்கள். அதன் மேல் வந்து சேர இன்னும் வளைந்து, மீண்டும் எதிர்ப்பக்கம் வளைய வேண்டும், மொத்தம் ஏறத்தாழ 270 பாகை. வேகமாகத் திரும்ப 45 பாகை சாய்த்தால் விமானம் மிதக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 19 சதவீதம் உயரும். நேராக 50 நாட் (விமான வேகத்தின் அலகு) வேகத்தில் மிதக்கும் விமானத்துக்கு 60 நாட் வேண்டும். 60 பாகை சாய்த்தால் 70 நாட். தரை நெருங்குவதைப் பார்த்து விமானி தன்னை அறியாமல் கோலை இழுப்பார், மூக்கு உயரும், வேகம் விழும், இறக்கை ஒரு பக்கம் பிடியை விடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். அந்த உயரத்தில் அதிலிருந்து மீள இடம் இல்லை. எஞ்சின் நின்றதால் யாரும் சாகவில்லை அங்கே, திரும்பியதால் செத்தார்கள்.

நேராக முன்னால், அல்லது சற்றே இடம் வலமாக, மெதுவாக இறங்குவது அழகாக இருக்காது. வேலியில் மோதலாம், இறக்கை கிழியலாம். ஆனால் மோதலின் வலிமை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, அதாவது வேகம் இரட்டித்தால் மோதல் நான்கு மடங்கு. 60 நாட் வேகத்தில் மோதுவது 45 நாட் வேகத்தில் மோதுவதை விட ஏறத்தாழ 1.8 மடங்கு. எதிர்க்காற்றில் இறங்கினால் தரை வேகம் இன்னும் குறையும். திரும்பி வந்து இறங்கினால் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். திரும்பவே கூடாதா என்றால், எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பது ஒவ்வொரு விமானத்துக்கும், அன்றைய காற்றுக்கும், விமானியின் கைக்கும் ஏற்ப மாறும். ஒரே எண் யாராலும் சொல்ல முடியாது. நல்ல விமானிகள் 4,000 அடியில் போய், விசையை மூடி, நான்கு வினாடி எண்ணி (மனம் நம்ப மறுக்கும் நேரம் அது), பிறகு திரும்பிப் பார்த்து எவ்வளவு உயரம் போயிற்று என்று அளந்து, அதில் பாதியை மேலும் கூட்டி, அந்த எண்ணைக் கருவிப் பலகையில் ஒட்டி வைக்கிறார்கள். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் அதைச் சத்தமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். உங்கள் கணவரிடம் அந்த எண் இருக்கிறதா?

பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் இதில் உங்கள் பக்கம் இருக்கிறது. விமானம் அனுமதிச் சான்றிதழ் பெற்றதும் சோதனைக் காலம் தொடங்கும். எஞ்சினும் புரொப்பெல்லரும் சான்று பெற்ற இணை என்றால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40. மணிக்கணக்குக்குப் பதில் வகுத்த சோதனைகளைச் செய்து முடிக்கும் வழியையும் இப்போது அனுமதிக்கிறார்கள். அந்தக் காலத்தில் பயணியை ஏற்றவே கூடாது, சொந்த மகளானாலும். 2014 முதல் தகுதியுள்ள இரண்டாவது விமானி ஒருவரைத் துணைக்கு ஏற்றிக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது, அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். முதல் பறப்புக்கு முன் அதே வகை விமானத்தில் ஒரு பயிற்சியாளரோடு சில மணி நேரம் பறந்து பழகுவது அதை விட அவசியம். நான்கு ஆண்டுகள் ரிவெட் அடித்தவருக்கு அந்த நான்கு ஆண்டுகளில் பறக்கும் கை துருப்பிடித்திருக்கும். இதைச் சொன்னால் விமானம் கட்டுபவர்களுக்கு வருத்தம் வரும், சொல்லத்தான் வேண்டும்.

சோதனைக் காலம் முடிந்ததும் சட்டம் விலகிக்கொள்ளும். இருக்கை எதிரே, இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று பயணியை எச்சரிக்கும் பலகை இருக்கும். அதைப் படித்துவிட்டு ஏறலாம். ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் படித்து எடைபோட முடியாது, ஆகவே நீங்கள்தான் அவளுக்காகப் படிக்க வேண்டும். நான் என் மகளை என் நண்பரின் விமானத்தில் ஏற்ற 100 மணி நேரம் ஆகும்வரை விடவில்லை. இந்த நூறு எந்த விதியிலும் இல்லை, நானாக வைத்துக்கொண்டது. அதற்குள் ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் கடந்து, தளர வேண்டிய நட்டுகள் தளர்ந்து, எண்ணெய் வடிகட்டி நாலைந்து முறை அறுக்கப்பட்டு, விமானிக்கும் விமானத்தின் சத்தம் பழகியிருக்கும். ஏறும் நாளில் தோள்பட்டி அவள் உயரத்துக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கண்ணாடிக் கூரையை உடைக்கும் சிறு சுத்தியல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். இந்த வகை விமானம் வயலில் கவிழ்ந்தால் கூரை திறக்காது.

கடைசியாக, இந்த வாரமே நீங்கள் செய்யக்கூடிய ஒன்று. பறப்பதற்கு முன் செய்தே ஆக வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது: எஞ்சினுக்கு நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் வந்து சேர்கிறது என்று வாளியில் பிடித்து அளப்பது, ஆனால் பலர் விமானத்தைச் சமதரையில் வைத்து அதைச் செய்துவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். மேல் இறக்கை விமானம் ஒன்றில் ஒரு நண்பருக்கு இதைச் செய்தேன். 100 குதிரைத்திறன் எஞ்சின், பம்ப் இல்லாமல் தானாக இறங்கும் பெட்ரோல். முழு விசையில் மணிக்கு 32 லிட்டர் குடிக்கும். தானாக இறங்கும் அமைப்பில் அதைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது நிமிடத்துக்கு 800 மில்லி வர வேண்டும். சமதரையில் ஒரு லிட்டர் வந்தது. அவர் சிரித்தார். முன்சக்கரத்தைச் சாய்பலகையில் ஏற்றி, ஏறும் கோணத்தை விடக் கொஞ்சம் அதிகமாக மூக்கைத் தூக்கி மீண்டும் அளந்தோம். 400 மில்லி. வாளியில் விழும் சத்தமே மாறிவிட்டது. குழாய் ஓரிடத்தில் மேலே வளைந்து போயிருந்தது, மூக்கு உயர்ந்ததும் அந்த மேட்டில் காற்று தேங்கிவிட்டது. ஒரு மாலை நேர வேலையில் குழாயைச் சரிசெய்தார். இன்றும் பறக்கிறார்.

உங்கள் கணவருடையது பம்ப் வைத்த அமைப்பு. 180 குதிரைத்திறன் எஞ்சின் முழு விசையில் மணிக்கு ஏறத்தாழ 57 லிட்டர் எடுக்கும். பம்ப் அமைப்பில் அதைப் போல ஒன்றேகால் மடங்கு வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 1.2 லிட்டர். திறந்தவெளியில், தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, இரும்பு வாளியை விமானத்தோடு கம்பியால் இணைத்து, மூக்கைத் தூக்கி வைத்துச் செய்ய வேண்டும். டேங்கில் கொஞ்சமாகப் பெட்ரோல் இருக்கும்போதே அளக்க வேண்டும், நிறைந்த டேங்கில் அளந்தால் ஏமாற்றும். ஒருவர் வாளியைப் பார்க்க, இன்னொருவர் நேரம் பார்க்க ஆள் தேவை. அந்த நேரம் பார்க்கும் ஆளாக நீங்கள் நில்லுங்கள். இடது டேங்குக்கு ஒரு முறை, வலது டேங்குக்கு ஒரு முறை. இரண்டு எண்களையும் உங்கள் கையாலேயே அவருடைய பதிவேட்டில் எழுதி வையுங்கள்.